காட்டேஜ் ரேட்டு

ஐப்பசி மழை இறங்குவதற்குள் என் வீட்டுக் கூரைக்குப் பீலி மாட்டியே தீருவது என்று ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சபதம் எடுத்தேன். சரியாகச் சொல்வதானால் சபதத்தை எடுத்தது என் மனைவி. நான் கைநீட்டி வாங்கிக்கொண்டேன்.

என் பெயர் ஜெயமுருகன். அவள் பெயர் தேவசேனா. பொருத்தம் பார்த்த ஜோசியர், "பேர்லயே பாதிக் கல்யாணம் முடிஞ்சு போச்சு" என்று பூரித்துப்போனார். வேல் யார் கையில் இருக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. பழனிக்குப் போகும்போதெல்லாம் மலைமேல் தனியாக நிற்கும் சாமியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவேன். ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு வந்தார் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. வீட்டில் யாரோ பீலிக்கு எஸ்டிமேட் கேட்டிருக்கிறார்கள்.

பீலி என்பது வேறொன்றுமில்லை. கூரை ஓரமாக மாட்டுகிற தகர வாய்க்கால். வடிகிற மழைத்தண்ணீரைப் பிடித்துக் குழாய் வழியாகக் கீழே இறக்கிவிடும். டவுனில் கட்டர் என்பார்கள். தேவசேனாவின் குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர்களுக்கு அது பீலி. ஆகவே எங்கள் வீட்டிலும் அது பீலி. கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று தனியாகச் சொற்கள் கிடையாது.

எங்கள் வீடு அட்டுவம்பட்டி என்கிற மலையூரில், ஒரு சரிவில், தகரக் கூரையோடு நிற்கிறது. மழை பெய்தால் கூரைத் தண்ணீர் பின்பக்கம் சிமெண்டுத் தரையில் கொட்டி, அங்கிருந்து எகிறி, அழைக்காமலே அடுப்படிக்குள் வந்துவிடும். அடுப்படி மூலையில்தான் தேவசேனாவின் தையல் மெஷின் இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களின் ஜாக்கெட்டும் பள்ளிப் பிள்ளைகளின் யூனிபார்மும் அங்கேதான் உருவாகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இதைப் பாருங்க."

பார்த்தேன். பட்டு ஜாக்கெட். முதுகு முழுக்கச் செம்மண் நிறத்தில் பூப்பூவாக இருந்தது.

"டிசைன் நல்லாருக்கே" என்றேன்.

"மழை போட்ட டிசைனு. ரோகிணியக்கா மக கல்யாணத்துக்குத் தச்சது. மூணு நாளு கண்ணு முழிச்ச சோலி. இப்ப சேத்துல முக்கி எடுத்தாப்ல கெடக்கு."

"துவைச்சா போயிராதா?"

"பட்டுங்க அது. உங்க பனியனா, அடிச்சுத் துவைக்க?" அவள் ஜாக்கெட்டை மடித்து வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள். "ஒண்ணு, கூரைக்குப் பீலி வரணும். இல்ல, மெஷினு முன் ரூமுக்குப் போகணும். ரெண்டுல ஒண்ணு வெரசாச் சொல்லுங்க."

முன் ரூம் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே சொன்னேன், "பீலி!"

முன் ரூமைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது வீட்டின் முன் அறை மட்டுமல்ல. அது என் சாம்ராஜ்யம். நான்கு வருஷத்துக்கு முன் அதற்கு வெள்ளையடித்து, இரட்டைக் கட்டில் போட்டு, டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தேன். வாசலுக்கு மேலே ஒரு போர்டும் மாட்டினேன். நாலடி நீளம், நல்ல கனமான தகரம், பச்சை வண்ணத்தில் வெள்ளை எழுத்து. மேல் வரியில் "சில்வர் மிஸ்ட் காட்டேஜ்". கீழ் வரியில் "உரிமையாளர்: ஜெயமுருகன்". பெயிண்டர் கேட்டார், "காட்டேஜ் பேரு பெருசா போடவா, உங்க பேரு பெருசா போடவா சார்?" நான் யோசிக்கவே இல்லை. மாட்டும்போது தேவசேனாவிடம் சொன்னேன், "வர்றவங்க தலைக்கு மேல என் பேரு தெரியணும்." அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாத நாட்களை நான் கவனித்திருக்க வேண்டும்.

காட்டேஜில் நாங்கள் வேலையைச் சமமாகப் பிரித்துக்கொண்டோம். வெள்ளனே எழுந்து வெந்நீர் போடுவது, ஆம்லெட் போடுவது, பெட்ஷீட் துவைப்பது அவள் பொறுப்பு. வரவேற்பு, ஊர் வரலாறு, பருவநிலை ஆகிய துறைகள் என்னிடம். கெஸ்ட்டுகளுக்கு நான் அலுக்காமல் பேசுவேன். ஒரு கோயம்புத்தூர்க்காரர் போனில் விமர்சனம்கூட எழுதினார்: "ஆம்லெட் அருமை. ஓனர் பேச்சை நிறுத்தினால் இன்னொரு ஸ்டார் தருவேன்." மே மாதம் முழுக்க ஆள் இருக்கும். அப்புறம் நாலைந்து நீள விடுமுறைகள். மற்ற நாட்களில் அறை விரித்த படுக்கையோடு பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடந்தாலும் நான் உரிமையாளர்தானே. அந்த இடத்தில் தையல் மெஷினா? கடகடவென்று மிதித்தால் கெஸ்ட்டுகள் என்ன நினைப்பார்கள்?

பீலிதான் என் சாம்ராஜ்யத்தைக் காப்பாற்றும் கோட்டைச் சுவர். எஸ்டிமேட் வாங்கக் கிளம்பினேன்.

எஸ்டிமேட் எனக்குப் புதிதல்ல. நான் ஒரு போர்டிங் ஸ்கூலில் ஸ்டோர் கிளார்க். சாக்பீஸ் முதல் சமையல் அண்டா வரை மூன்று கொட்டேஷன் வாங்குவேன். குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர். அதில் அப்பீல் கிடையாது. இந்தக் கொள்கையை வீட்டிலும் கடைப்பிடிக்கிறேன். "மூணு கொட்டேஷன் இல்லாம நான் தீப்பெட்டிகூட வாங்க மாட்டேன்" என்பது என் புகழ்பெற்ற வாசகம். எங்கள் கல்யாணத்துக்கு முன் நான் பார்த்த பெண்களும் மூன்று பேர்தான். அந்த விஷயத்தில் அப்பீல் இருந்திருக்கலாம் என்று சில சமயம் தோன்றும்.

முதலில் வந்தவர் நல்லுசாமி. தகர வேலையில் பெயர் எடுத்தவர். அவர் கூரையைப் பார்க்கவில்லை. வாசலில் நின்று போர்டைப் பார்த்தார். படித்து முடித்ததும் முகத்தில் ஒரு களை வந்தது.

"காட்டேஜா சார்?"

"ஆமா" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப சாதா கட்டர் போட முடியாதே. கலர் கோட்டிங்லதான் போடணும். கெஸ்ட்டு போட்டோல்லாம் எடுப்பாங்கல்ல?"

"எடுப்பாங்க, எடுப்பாங்க."

"கொரங்கு வந்து தொங்கும். அதுக்கு டபுள் கிளாம்பு."

"போட்டுருங்க."

"காட்டுமாடு வந்து முதுகு சொறியும். கீழ எறங்குற பைப்புக்கு இரும்புல ஒரு கவசம்."

உள்ளேயிருந்து தேவசேனாவின் குரல் வந்தது. "அந்தக் கொரங்குக்கும் மாட்டுக்கும் நாங்க ரூம் வாடகை கேக்கலாமாங்க?"

நல்லுசாமி சிரிக்கவில்லை. "அப்புறம் சார், வியூ. பைப்பு வியூவை மறைக்காம வளைச்சு வளைச்சுக் கொண்டுபோகணும். வளைவுக்குத் தனி சார்ஜு."

என் வீட்டிலிருந்து தெரியும் வியூ, பக்கத்து வீட்டு டிக்சனின் தண்ணீர் டேங்க். அதை மறைக்காமலிருப்பதற்கும் சேர்த்து அவர் சொன்ன தொகை அறுபத்தெட்டாயிரம்.

இரண்டாவதாக செபாஸ்டின் வந்தார். இளவட்டம். கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் அளவுக் கருவி. அதை முதலில் என் போர்டின் மேல்தான் அடித்தார். வெளிச்சம் "காட்டேஜ்" என்ற சொல்லின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. "எழுபத்திரண்டு சார். ஜிஎஸ்டி தனி" என்றார். கூரைப் பக்கம் அவர் திரும்பிய மாதிரியே எனக்கு ஞாபகமில்லை.

அன்று சாயங்காலம் தேவசேனா டீயை என் முன்னால் வைத்தாள்.

"பீலியே வேண்டாங்க. நமக்கு எதுக்கு அவ்வளவு செலவு? மெஷினை முன் ரூமுக்கு நகட்டினா காசே ஆகாது."

"பொறு, பொறு. இன்னொரு கொட்டேஷன் பாக்கியிருக்கு."

"நீங்க சொன்னா சரிதான்" என்றாள். இந்த வாக்கியத்தை அவள் சொன்னபோதே நான் ஓடியிருக்க வேண்டும். டீ நன்றாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் டிக்சன் தன் டாக்சியைக் கழுவிக்கொண்டிருந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று என் துக்கத்தைச் சொன்னேன்.

"அறுபத்தெட்டா?" அவன் கையிலிருந்த துணி நழுவியது. "அண்ணே, எனக்குப் போன வருஷம் இருபதுக்குள்ள முடிஞ்சுச்சே!"

"அது எப்படிடா? ஒரே கொத்தனார் கட்டுன வீடு. ஒரே கூரை. ஒரே மழை."

"ஒரே போர்டு இல்லையேண்ணே."

"என்ன சொல்றே?"

"நம்ம ஊருல ரெண்டு ரேட்டுண்ணே. வீட்டு ரேட்டு, காட்டேஜ் ரேட்டு. போர்டு வச்சவன் மெட்ராஸ்லயோ பெங்களூர்லயோ இருப்பான், போன்லயே காசு போட்டு விட்டுருவான்னு ஒரு கணக்கு. பிளம்பரு, கரண்ட்டுக்காரரு யாரு வந்தாலும் மொதல்ல போர்டைத்தான் பாப்பாங்க. எனக்குத் தெரிய காட்டேஜ்னு எழுதுன வீட்டுல பல்பு மாத்தக்கூட டபுள் சார்ஜு."

எனக்குக் கண் திறந்தது. போர்டு மாட்டியதிலிருந்து வாசலில் வரும் கீரைக்காரம்மாகூட ஒரு கட்டுக்கு ஐந்து ரூபாய் ஏற்றியிருந்தார். விலைவாசி என்று நினைத்து இத்தனை நாளும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கண் திறந்த வேகத்தில் மூளையும் திறந்தது. வீட்டுக்குள் ஓடினேன். தேவசேனா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தேவசேனா, ஒரு ஐடியா! மூணாவது ஆள் வர்ற அன்னிக்கி மட்டும் போர்டைக் கழட்டி வச்சிட்டா?"

"ஐயையோ, வேண்டவே வேண்டாங்க" என்று பதறினாள். "ஆசை ஆசையா மாட்டுனது. உங்க பேரு வேற அதுல இருக்கு. போர்டு இல்லாத வாசலை என்னால பாக்க முடியாதுங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. என் பெயர் மேல் அவளுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கும் கலங்கிவிட்டது. வெங்காயத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒரு நாளைக்குத்தான். அழாத. யாராவது புது ஆள் இருந்தாச் சொல்லு."

"வடகவுஞ்சியில எங்க சித்தி மக வீட்டுக்குப் பீலி போட்ட தம்பி ஒருத்தரு இருக்காப்ல. இராமலிங்கம்னு பேரு. நம்ம வீட்டை அவரு பாத்ததே இல்லை. வரச் சொல்லவா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. விழுந்தது பழமில்லை, நான்தான் என்பது அப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை ஏணி போட்டு ஏறி, போர்டை நானே கழற்றினேன். கீழே இறக்கினதும் தேவசேனா அதை ஈரத்துணியால் பொறுப்பாகத் துடைத்தாள். பிறகு கழுத்தில் கிடந்த தையல் டேப்பை எடுத்து அதன் நீளத்தையும் அகலத்தையும் அளந்தாள்.

"என்ன பண்றே?"

"உறை ஒண்ணு தச்சுப் போடலாம்னுதான். பனியில துருப்பிடிச்சிரும்ல?"

என்ன மனைவி! என்ன அக்கறை! ஊரில் யார் வீட்டுப் போர்டுக்கு உறை இருக்கிறது?

போர்டைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்துவிட்டு நான் கையைத் தட்டினேன். தேவசேனா முன் ரூமுக்குள் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"என்னாச்சு?"

"இல்ல, போர்டைக் கழட்டிட்டீங்க. ஆனா ரூமு? டபுள் கட்டிலு, வெள்ளை பெட்ஷீட்டு, மேசை மேல சோப்பு ரெண்டு. பாத்த ஒடனே காட்டேஜுன்னு தெரிஞ்சிருமே. என்ன செய்யிறதுன்னு எனக்கு ஒண்ணும் ஓடலியே."

அவளுக்கு ஓடவில்லை. எனக்கு ஓடியது. ஸ்டோர் கிளார்க் மூளை சும்மாவா?

"கட்டிலைத் தூக்குவோம். உன் மெஷினை இங்க போடுவோம். பாத்தா அசல் குடியிருக்கிற வீடு மாதிரி இருக்கும்!"

"அட, ஆமால்ல!" என்று கன்னத்தில் கை வைத்தாள். "எனக்கு இது தோணவே இல்லைங்க. உங்க மூளையே மூளை."

அந்த ஒரு சொல்லுக்காக இரும்பு மெஷினை அடுப்படியிலிருந்து முன் ரூமுக்கு நான் ஒற்றை ஆளாகத் தூக்கினேன். முதுகு "படக்" என்றது. துணிமூட்டை, நூல்கண்டுப் பெட்டி, இஸ்திரிப் பலகை எல்லாம் பின்னாலேயே வந்து சேர்ந்தன. கட்டிலை டிக்சனும் நானும் பிடித்து அவன் வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். ஒரு நாளைக்குத்தான். அன்று மத்தியானமே அவன் மாமியார் ஊரிலிருந்து வந்து அதில் படுத்துவிட்டார். அந்தம்மாவை எழுப்பும் தைரியம் டிக்சனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இராமலிங்கம் வந்தார். அமைதியான ஆள். வாசலிலேயே நான் இரு கையையும் விரித்து, "வாங்க வாங்க, வெல்கம் டு..." என்று ஆரம்பித்துவிட்டேன். நான்கு வருஷப் பழக்கம். தேவசேனா இருமினாள். "...எங்க வீடு" என்று முடித்தேன்.

அவர் சுவரை அண்ணாந்து பார்த்தார். வாசலுக்கு மேலே போர்டு இருந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பு மாதிரி பளிச்சென்று இருந்தது.

"இங்க என்ன சார் இருந்துச்சு?"

"காலண்டர்" என்றேன்.

"நாலடிக்கா?"

"எங்க வீட்டுல விசேஷம் ஜாஸ்தி."

அவர் தலையாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முன் ரூமில் தேவசேனா மெஷினில் உட்கார்ந்து ஒரு யூனிபார்ம் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். தத்ரூபமான நடிப்பு. நிஜமாகவே சட்டை தயாராகிக்கொண்டிருந்தது.

"இது எங்க தையல் ரூமு" என்று அழுத்திச் சொன்னேன். "எப்பவுமே இப்படித்தான் கெடக்கும். நாங்க சாதாரணக் குடும்பம். செக் அவுட் டயம்லாம் கிடையாது."

தேவசேனா மறுபடி இருமினாள். இராமலிங்கம் வெளியே போய் ஏணி போட்டு ஏறினார். கூரையைப் பார்த்த முதல் ஆள் அவர்தான். அளந்தார், இறங்கினார், சொன்னார். "மாட்டுற கூலியோட இருபத்திரண்டு ஆகும் சார்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஸ்டோர் கிளார்க் கௌரவம் தடுத்தது. மூன்று கொட்டேஷன் முடிந்தது. குறைந்த விலைக்கு ஆர்டர் கொடுத்தேன். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் வந்து மாட்டுவதாகச் சொல்லிப் போனார்.

"அப்ப கட்டிலை எடுத்துட்டு வந்துரவா?" என்றேன்.

"எடுத்துட்டு வாங்க" என்றாள் தேவசேனா. "ஆனா நடுவுல ஒரு நாளு அளவு பாக்க வந்தார்னா? கட்டிலைப் பாத்துட்டு ரேட்டை ஏத்திட்டா? எனக்கென்னங்க, உங்க காசு."

நியாயமாகப் பட்டது. மெஷின் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த வாரமே ரோகிணியக்கா வந்தார். அதே பட்டில் வேறு துணி வாங்கிப் புதுசாகத் தைத்து வைத்திருந்தாள் தேவசேனா. வெளிச்சமான அறையில் ஜாக்கெட்டைப் பார்த்த ரோகிணியக்கா, கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். அடுப்படிக்குள் வந்து அளவு கொடுக்கக் கூச்சப்பட்ட பெண்களெல்லாம் முன் ரூமுக்குத் தாராளமாக வந்தார்கள். பூஜை விடுமுறைக்கு ரூம் கேட்டு ஒரு சென்னைக் குடும்பம் போன் பண்ணியது. "ரூம் இல்லைங்க" என்று என் வாயால் சொன்னேன். சொன்ன வாயில் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மூன்று தோசையோடு எழுந்துவிட்டேன்.

ஆயுத பூஜையன்று தேவசேனா மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பம் சாத்தி, பொரிகடலை படைத்து, சூடம் காட்டினாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்ட பிறகுதான் உறைத்தது. ஓர் இடத்தில் வைத்துச் சாமி கும்பிட்டதை மறுநாள் அடுப்படி மூலைக்குத் தூக்கிக்கொண்டு போவார்களா யாராவது?

சொன்னபடி இராமலிங்கம் வந்தார். பின்பக்கம், பக்கவாட்டு, முன்பக்கம் என்று மாட்டிக்கொண்டே வந்தவர், வாசலுக்கு மேலே வந்ததும் நின்றுவிட்டார்.

"சார், நாலடி பத்தலை."

"ஏன்? சரியா அளந்தீங்களே?"

"ஷீட்டு ஒண்ணு நசுங்கிப்போச்சு சார். வத்தலக்குண்டுலேர்ந்து வரணும். நாலடிக்காக எவன் லாரியில ஏத்திக்கிட்டு மலையேறுவான்? தை பொறந்துரும்." சுற்றும் முற்றும் பார்த்தார். "அந்தா செவுத்துல சாஞ்சு கெடக்கே ஒரு தகரம். அது என்னது சார்?"

அவர் கை நீண்டது என் போர்டின் பக்கம். தேவசேனா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றாள் அவரிடம். "அவரையே கேளுங்க. ஏங்க, அது என்னதுங்க?"

போர்டு என்று சொன்னால் காட்டேஜ். காட்டேஜ் என்றால் அறுபத்தெட்டு. இரண்டு பக்கமும் பள்ளம். நடுவில் நான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது கத்த ஆசையிருக்கும்.

"அது... பழைய தகரம். சும்மா கெடக்கு" என்றேன்.

"அப்ப எடுத்துக்கிறேன் சார். நல்ல கனமான தகரம்."

என் கண் முன்னாலேயே அதைக் கட்டையில் வைத்துத் தட்டி வளைத்தார். "சில்வர் மிஸ்ட்" மடிந்து உள்ளே போனது. நாலடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. "அளவெடுத்து" என்ற சொல்லில் என் மனது சற்றே இடறியது. தேவசேனா குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

போனது போகட்டும், நாற்பத்தாறாயிரம் மிச்சம் என்று தேற்றிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தேன். இராமலிங்கம் பணத்தைப் பையில் வைத்ததும் எனக்குள்ளிருந்த வெற்றி வீரன் எழுந்துவிட்டான். சாமர்த்தியத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் அது என்ன சாமர்த்தியம்?

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. இப்ப ஒரு உண்மையைச் சொல்றேன். இது காட்டேஜு! ஒங்ககிட்ட வீடுன்னு சொல்லி வீட்டு ரேட்டுக்கு முடிச்சிட்டேன்."

அவர் சிரித்தார். "தெரியுமே சார்."

"தெரியுமா?"

"அக்காதான் ஆடி மாசமே போன்ல சொன்னாங்களே, முன்னாடி ஒரு காட்டேஜு போர்டு இருக்குன்னு. எனக்கு காட்டேஜு, வீடு, கோயிலு எல்லாத்துக்கும் அடிக்கு ஒரே ரேட்டுதான் சார். அக்கா சொன்ன அளவுக்கு எவ்வளவு ஆகும்னு அன்னிக்கே சொல்லிட்டேனே."

அவர் போன பிறகு நான் முன் ரூம் வாசலில் நின்றேன். தேவசேனா தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆடி மாசமே ரேட்டு தெரியுமா ஒனக்கு?"

"தெரியுங்க."

"அப்ப அந்த நல்லுசாமி, செபாஸ்டினு... அத்தனை பேரு எதுக்கு?"

"நான் ஒருத்தரைச் சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா? மூணு கொட்டேஷன் இல்லாம தீப்பெட்டிகூட வாங்க மாட்டேன்னீங்களே." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ரெண்டு கொட்டேஷன் நீங்க வாங்குனது. ஒண்ணு நான் வாங்குனது. கொறைஞ்ச வெலைக்காரரு ஜெயிச்சாரு. அப்பீலு கெடையாதுல்ல?"

"போர்டு?"

"நான் வேண்டாம்னுதான சொன்னேன்?"

"மெஷினு?"

"உங்க ஐடியாதானே அது?"

யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் உண்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவள் மறைக்கவே இல்லை. என் கையால் நறுக்க வைத்து, என்னையே பரிமாற வைத்து, எனக்கே இலை போட்டிருக்கிறாள்.

கோபப்படலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூரை அதிர்கிற மழை. இருவரும் அடுப்படிக்கு ஓடிப் பார்த்தோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பீலி வழியாகத் தண்ணீர் ஒழுங்குமரியாதையாக ஓடிக் குழாயில் இறங்கி டிரம்மில் விழுந்துகொண்டிருந்தது. காய்ந்த தரையில் தேவசேனா வெறுங்காலோடு நின்று, சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். இத்தனை வருஷமும் இந்த மூலையில் இவள் நனைந்த காலோடு மெஷின் மிதித்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதுவும் பீலியோடு போயிருக்க வேண்டும். "டீ போடட்டா?" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அந்தக் கேள்வி என் பக்கமிருந்து போனது.

இப்போது சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் நானும் முன் ரூமில்தான் உட்காருகிறேன். யூனிபார்ம் சட்டைகளுக்குப் பட்டன் தைக்கிறேன். மூன்று கொட்டேஷன் வாங்கித்தான் பட்டன் வாங்குகிறோம். ஜாக்கெட்டுக்குக் காத்திருக்கும் பெண்களிடம் ஊர் வரலாறும் பருவநிலையும் பேசுகிறேன். அளவு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து ஓட முடியாது. காட்டேஜ் நடத்திய காலத்தில் எனக்கு இப்படிப்பட்ட சபை அமையவில்லை. கீரைக்காரம்மாவும் விலையைக் குறைத்துவிட்டார். சத்தியமாக நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம். வாசலுக்கு மேலே வளைத்து மாட்டிய அந்த நாலடித் தகரத்தில் மேல் வரி உள்ளே மடங்கிவிட்டது. கீழ் வரி மட்டும் வெளியே பளிச்சென்று தெரிகிறது. நான் ஆசைப்பட்டபடியே, வருகிறவர்கள் தலைக்கு மேலே.

நேற்று வில்பட்டியிலிருந்து புதுசாக ஒரு பெண் வந்தாள், தமயந்தி என்று. மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்றவள் அண்ணாந்து பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"உரிமையாளர் ஜெயமுருகன்னு போட்டிருக்கேக்கா. எதுக்கு உரிமையாளரு?"

நான் கையிலிருந்த பட்டனை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். தேவசேனா மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்:

"அந்தப் பீலிக்கு."